தராசும் பஞ்சாங்கமும்

நமது நாட்டில் ஒரு பெண்ணின் எடையைப் பற்றிப் பேசுவதற்கு யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பாட்டி வரையில் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. அதுபோலவே, கலியாணமான பெண்ணைப் பார்த்து, "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. இந்த இரண்டு உரிமைகளும் ஒரே சமயத்தில் ஒரே பெண்ணின் மீது பிரயோகிக்கப்பட்டால் அவள் பாடு என்ன ஆகும் என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச உத்தேசித்திருக்கிறோம்.

சற்றுக் கனத்த சரீரம் உள்ள ஒரு பெண். 'இன்னும் இரண்டு வருஷம் போகட்டும்' என்று எண்ணியிருந்தவள். எதிர்பாராமல் முதல் முறையாகக் கர்ப்பமாகிவிட்டாள். அவள் என்ன செய்யவேண்டும்? சுற்றியிருப்பவர்கள் என்ன செய்யவேண்டும்? முக்கியமாக, அவர்கள் என்ன செய்யாமல் இருக்கவேண்டும்?

இது ஏதோ அபூர்வமான விஷயம் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். 2019 முதல் 2021 வரையில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உயரத்துக்கு மீறிய எடை உள்ளவர்கள். அதற்கு முந்திய கணக்கெடுப்பில், அதாவது 2015-16-ல், இந்தத் தொகை 31-ஆக இருந்தது. ஆகவே, எந்தத் தெருவிலும் நாலு வீடு தள்ளினால் இப்படி ஒரு பெண் இருப்பாள். சில சமயம் நமது வீட்டிலேயே இருப்பாள்.

விஷயத்தை விளக்குவதற்காக ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்வோம். கடலூர் முதுநகரில் பிறந்தவள், சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். உயரம் 155 சென்டிமீட்டர். எடை 75 கிலோ. அவளுக்கு மாத விலக்கு ஒழுங்காக வருவதில்லை. 'எடை குறைந்தால்தான் எல்லாம் சரியாகும்' என்று பலர் சொல்லியிருந்தபடியால், முதலில் பத்துக் கிலோவைக் குறைப்பது, அப்புறம் குழந்தையைப் பற்றி யோசிப்பது என்று அவள் ஒரு திட்டம் போட்டிருந்தாள். குழந்தையோ அந்தத் திட்டத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. விலக்கு ஒரு மாதம் தவறியபோது அவளுக்கு அது புதுமையாகப் படவில்லை. இரண்டாவது மாதம் தவறியபோதுதான் சந்தேகம் தட்டிற்று.

இப்போது அவள் மனத்தில் என்ன ஓடும்? சந்தோஷம் கொஞ்சம், பயம் நிறைய, வெட்கம் எல்லாவற்றையும்விட அதிகம். 'இந்த உடம்போடு டாக்டரம்மாளிடம் போய் நின்றால் திட்டுவார்களே! நாலு கிலோவாவது குறைந்த பிறகு போகலாம்' என்று எண்ணுகிறாள். இப்படியாக ஒரு வாரம் போகிறது. இன்னொரு வாரமும் போகிறது. தராசைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கும் பெண் பஞ்சாங்கத்தைக் கவனிப்பதில்லை. ஆனால் உண்மையில் அவள் கவனிக்கவேண்டியது பஞ்சாங்கத்தைத்தான். எழுபத்தைந்து கிலோவை இந்தப் பத்து மாதத்தில் அறுபத்தைந்தாக்க முடியாது; ஆக்கவும் கூடாது. வீணாய்ப் போகும் வாரங்களை மிச்சப்படுத்துவது மட்டும் அவள் கையில் இருக்கிறது. இந்த வார விஷயத்தின் சாரம் இவ்வளவுதான். மற்றவையெல்லாம் இதற்கு வியாக்கியானம்.

வைத்தியர்கள் கர்ப்ப காலத்தைக் கடைசி மாத விலக்கின் முதல் நாளிலிருந்து வாரக் கணக்காக எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையில் ஆறாவது வாரத்துக்குள் குழந்தையின் முதுகுத் தண்டும் மூளையும் உருவாகும் குழல் மூடிவிடுகிறது. அது சரியாக மூடுவதற்கு ஃபோலிக் அமிலம் என்னும் சத்து வேண்டும். கர்ப்பத்தை எதிர்பார்த்திருக்கும் பெண் அந்த மாத்திரையை முன்பே சாப்பிட ஆரம்பித்துவிடுவாள். எதிர்பாராதவளுக்கு அந்தச் சந்தர்ப்பம் இல்லை. எடை மிகுந்தவர்களுக்குச் சாதாரண அளவைவிட அதிகமான அளவில் இம்மாத்திரையைச் சில டாக்டர்கள் கொடுப்பதும் உண்டு. ஆகவே சந்தேகம் தட்டிய அன்றே பரிசோதித்துக்கொண்டு, மறுநாளே டாக்டரைக் கண்டு, மாத்திரையை ஆரம்பித்துவிட வேண்டும். சில வாரம் தவறிவிட்டதே என்று அழுது பயன் இல்லை. மாத்திரை சாப்பிடாத தாய்மார்களின் குழந்தைகளிலும் மிகப் பெரும்பாலோர் குறையின்றியே பிறக்கிறார்கள். ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கோ, வலிப்புக்கோ, தைராய்டுக்கோ மருந்து சாப்பிடுகிறவள் அதைத் தானாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடம் காட்டாமல் தொடரவும் கூடாது.

இரண்டாவதாக, மாத விலக்கு ஒழுங்காக வராத பெண்ணுக்கு அது எத்தனையாவது வாரம் என்பதே நிச்சயமாகத் தெரியாது. முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்தால் அதைத் திட்டமாகச் சொல்லிவிடலாம். நாளாக ஆக, ஸ்கேன் சொல்லும் கணக்கில் துல்லியம் குறைந்துவிடும். பிரசவத் தேதி தெரியாவிட்டால் பின்னால் வரும் முடிவுகள் பலவும் குருட்டுக் கணக்காகிவிடும்.

மூன்றாவது விஷயம் சற்றுச் சங்கடமானது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். எதிர்பாராமல் வந்த கர்ப்பத்தை ஏற்றுக்கொள்வதா, வேண்டாமா என்ற கேள்வி சில பெண்கள் மனத்தில் எழும். எழுவதனாலேயே அவர்கள் பொல்லாதவர்கள் ஆகிவிடமாட்டார்கள். நமது தேசத்தில் 1971-ஆம் வருஷத்திலேயே இதற்குச் சட்டம் ஏற்பட்டுவிட்டது. 2021-ல் அது திருத்தப்பட்டது. இருபது வாரம் வரையில், சட்டம் குறிப்பிடும் காரணங்களுக்காக, தகுதி பெற்ற ஒரு டாக்டரின் அபிப்பிராயத்தின் பேரில் கர்ப்பத்தைக் கலைத்துக்கொள்ளலாம். கருத்தடைச் சாதனம் பலன் தராமல் போனதும் அந்தக் காரணங்களில் ஒன்று. பதினெட்டு வயது நிறைந்தவளாயின் அவளுடைய சம்மதம் ஒன்றே போதும். கணவன் கையெழுத்தோ மாமியார் கையெழுத்தோ தேவையில்லை. கடையில் மாத்திரை வாங்கித் தானாகச் சாப்பிடுவதுதான் ஆபத்து. எந்தப் பக்கம் முடிவு செய்தாலும் அதை நிதானமாகச் செய்வதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்தையும் தாமதம் தின்றுவிடுகிறது.

நான்காவது, சர்க்கரை. எடை மிகுந்த கர்ப்பிணிகளுக்குக் கர்ப்ப காலத்தில் நீரிழிவு வருவதற்கு இடம் அதிகம். இந்த விஷயத்தில் தமிழ்நாடு பெருமைப்பட்டுக்கொள்ளலாம். சென்னை டாக்டர் வீ. சேஷய்யா இதற்காக வெகு காலம் பாடுபட்டவர். 2022-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றவர். அவர் பிறந்த தினமாகிய மார்ச் 10-ஆம் தேதி கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு தினமாக நமது தேசத்தில் அனுஷ்டிக்கப்படுகிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்று 2007-ல் உத்தரவிட்டு, தமிழ்நாட்டு அரசாங்கம் மற்ற மாகாணங்களுக்கு வழிகாட்டிற்று. பரிசோதனையும் சுலபம். பட்டினியாகப் போகவேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அளவு 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள். முதல் தடவை போகும்போதே ஒரு பரிசோதனை. சரியாக இருந்தாலும் 24-ஆவது வாரத்துக்கும் 28-ஆவது வாரத்துக்கும் நடுவில் மறுபடி ஒன்று. நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தால் முதலில் இரண்டு வாரம் ஆகார ஒழுங்கும் நடையும். அதற்கும் மசியாவிட்டால்தான் மருந்து.

ஐந்தாவது, ரத்த அழுத்தம். முதல் கர்ப்பம் என்பது இதற்கு ஒரு காரணம். மிகுந்த எடை இன்னொரு காரணம். நமது பெண்ணுக்கு இரண்டும் சேர்ந்திருக்கின்றன. இப்படிப்பட்டவர்களுக்குப் பின்னால் வரக்கூடிய கடுமையான ரத்த அழுத்த நோயைத் தடுக்க, குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை டாக்டர்கள் கொடுப்பதுண்டு. அதை 16-ஆவது வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல பலன். யாருக்கு வேண்டும், யாருக்குக் கூடாது என்பதை டாக்டர்தான் சொல்லவேண்டும். ஆனால் ஐந்தாம் மாதத்தில் வந்து நிற்கிற பெண்ணுக்கு அவர் என்ன சொல்ல முடியும்?

அரசாங்கமும் பஞ்சாங்கத்தையே பார்க்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் தேறி, பிறகு சட்டசபையிலும் அமர்ந்து பெண்களுக்காக வாதாடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஓர் உதவித் திட்டம் நடந்து வருகிறது. அந்த உதவி 2018-ல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணமாகவும் சத்துணவுப் பெட்டகமாகவும் கிடைக்கிறது. அதை முழுமையாகப் பெறுவதற்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். ஏழையானாலும் பணக்காரரானாலும், 'பிக்மி நம்பர்' என்று வழங்கும் பதிவு எண் எல்லோருக்கும் அவசியம். பின்னால் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள்.

பஞ்சாங்கம் முடிந்தது, இனித் தராசுக்கு வருவோம். கரும்பலகையோடு பழகியவர்களாகிய நமக்கு ஒரு கணக்காவது போடாமல் இருக்க முடியாது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதிக்கொள்ளவும். உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வந்த தொகையால் எடையை வகுக்கவும். நமது பெண்ணுக்கு 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.4, எழுபத்தைந்தை அதனால் வகுத்தால் 31 சொச்சம். உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை என்றும், 30-க்கு மேல் பருமன் என்றும் சொல்கிறார்கள். இந்தியர்களுக்கு 23-லும் 25-லுமே அந்த எல்லைகளை வைக்கவேண்டும் என்று நமது நாட்டு வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

கர்ப்ப காலத்தில் எவ்வளவு எடை கூடலாம்? 2009-ல் அமெரிக்க வைத்திய நிபுணர்கள் வகுத்த அளவின்படி, சாதாரண உடல்வாகு உள்ளவள் பதினொன்றரை முதல் பதினாறு கிலோ வரையிலும், அதிக எடை உள்ளவள் ஏழு முதல் பதினொன்றரை கிலோ வரையிலும், பருமனானவள் ஐந்து முதல் ஒன்பது கிலோ வரையிலும் கூடலாம். நமது டாக்டர் நமது சரீரத்துக்கேற்ப இதைக் கூட்டியோ குறைத்தோ சொல்வார். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பருமனானவள்கூடக் கொஞ்சம் கூடத்தான் வேண்டும். இது பட்டினி கிடந்து இளைக்கும் காலம் அல்ல.

ஆனால் நடப்பது என்ன? கடலூரிலிருந்து அம்மா வருகிறாள். கையில் பண்ருட்டி முந்திரி ஒரு பை. "இரண்டு உயிருக்குச் சாப்பிடவேண்டும், தெரிந்ததா? மெலிந்து போயிருக்கிறாயே, கண்ணு!" என்கிறாள். எழுபத்தைந்து கிலோவிலும் மகள் மெலிந்திருப்பதாகக் காண்பது தாய்க் கண்ணுக்கு மட்டுமே சாத்தியம். சிதம்பரத்து மாமியாரோ, "போதும் அம்மா, ஏற்கெனவே உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. ராத்திரி ஆகாரத்தை விட்டுவிடு. இல்லாவிட்டால் வயிற்றைக் கிழித்துத்தான் குழந்தையை எடுப்பார்கள்" என்கிறாள். இருவரும் அன்பினால்தான் பேசுகிறார்கள். ஆனால் அம்மா சொல்வதும் சரியல்ல. அத்தை சொல்வதும் சரியல்ல.

கர்ப்பத்தின் நாலாம் மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு 350 கலோரி அதிகம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. அது இரண்டாவது ஆளின் சாப்பாடு அல்ல. இரண்டு இட்டிலி, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவுதான். கனத்த சரீரம் உள்ளவளுக்கு இதுகூடக் குறைவாகவே வேண்டியிருக்கும். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும். சோற்றைக் குறைத்துக் கீரை, பருப்பு, முட்டை, மீன் இவற்றைக் கூட்ட வேண்டும். கடலூர்க் கரையில் கிடைக்கும் மத்தியும் நெத்திலியும் விலையிலும் எளியவை, சத்திலும் உயர்ந்தவை. சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சுவுக்கு நாம் விரோதி அல்ல. அதைச் சாக்கிட்டு உள்ளே போகும் ஏழாவது இட்டிலிக்குத்தான் விரோதி. பலாச்சுளையும் இரண்டு மூன்றோடு நிற்கட்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காமல் வெவ்வேறு வேளையில் சாப்பிடவேண்டும். சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. டாக்டர் தடை சொல்லாவிட்டால் தினம் அரை மணி நேரம் நடக்கலாம். சிதம்பரத்துக்காரர்களுக்குத் தேரோடும் வீதிகள் நான்கும் இருக்கின்றன. கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினத்துக் கடற்கரை இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலும் சில விஷயங்களைக் கவனித்துக்கொள்ளவேண்டும். ரத்த அழுத்தம் பார்ப்பதற்குக் கையில் சுற்றும் பட்டை, பருத்த கைக்குச் சிறியதாக இருந்தால், இல்லாத அழுத்தத்தை இருப்பதாகக் காட்டும். "பெரிய பட்டை இருக்கிறதா, அம்மா?" என்று கேட்பதில் தவறில்லை. வயிற்றில் கொழுப்பு அதிகம் இருந்தால் ஸ்கேன் படம் சற்று மங்கலாகத் தெரியலாம். இன்னொரு நாள் வரச் சொன்னால் குழந்தைக்கு ஏதோ கோளாறு என்று அஞ்ச வேண்டியதில்லை. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், மூச்சுத் திணறல், ரத்தப் போக்கு, குழந்தையின் அசைவு குறைதல் — இவற்றில் எது தோன்றினாலும் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நமது வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் வளைகாப்பு முடிந்து சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் புறப்படும் பெண், புடவையையும் வளையலையும் எடுத்துக்கொள்வதற்கு முன் தன்னுடைய ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை எவ்வளவு, ரத்த அழுத்தம் எவ்வளவு, எந்த மருந்து என்பவை சுமார் 45 கிலோமீட்டர் பின்னால் பீரோவில் கிடந்தால், நடு நிசியில் பிரசவ வலி கண்டவளைப் பார்க்கும் டாக்டர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டியிருக்கும். பிரசவம் எங்கே என்பதையும் முன்னாலேயே தீர்மானித்து, அங்கே ஒரு முறையாவது போய்க் காட்டிவிட்டு வரவேண்டும். மேற்சொன்ன கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் ஆபரேஷன் மூலம் நடக்கிறது. எடை மிகுந்தவர்களுக்கு அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஆகையால் மயக்க மருந்து நிபுணரும் ரத்த வங்கியும் உள்ள இடமாகப் பார்க்கவேண்டும். அதிருஷ்டவசமாக நமது ஜில்லாவில் அதற்குக் குறைவில்லை. கடலூரில் அரசாங்கத் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசாங்கத்தின் வசம் வந்துவிட்ட மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது.

இவ்வளவும் சரீரத்தைப் பற்றியது. மனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வேண்டும் என்று வேண்டிப் பெறாத குழந்தையை நினைத்து ஒரு நாள் மகிழ்ச்சியும் மறுநாள் அழுகையும் வருவது இயற்கை. அழுகை மட்டுமே நிலைத்து, தூக்கமும் பசியும் போய்விட்டால் 14416 என்ற அரசாங்க மனநல உதவி எண்ணில் பேசலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டில் உள்ளவர்கள் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை. 'ஏன் இப்போது?' என்ற கேள்வியையும், 'இந்த உடம்போடா?' என்ற கேள்வியையும் வாயை விட்டு வெளியே விடாமல் இருக்கவேண்டும். கணவன்மார்களுக்கு இன்னும் ஒரு வேலை உண்டு: முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு அவளோடு கூடப் போவது.

குழந்தைகள் நமது சௌகரியத்தைப் பார்த்து வருவதில்லை என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. 1927-ல் சென்னையில் நீல் சிலையை அகற்றும் கிளர்ச்சியில் மகளோடு சிறை புகுந்த கடலூர் அஞ்சலையம்மாள், 1930-களின் தொடக்கத்தில் மறுபடி சிறையில் இருந்தபோது கர்ப்பிணியாக இருந்தார். அது அவருக்கு முதற்குழந்தை அல்ல. பிரசவத்துக்காக வெளியே வந்தவர், பிரசவமானதும் கைக்குழந்தையுடன் சிறைக்கே திரும்பினார். இதைவிட அசௌகரியமான காலம் ஒரு குழந்தைக்கு வாய்க்க முடியுமா? ஆயினும் யாரும் அக்குழந்தையை 'அகாலத்தில் வந்தவன்' என்று சொல்லவில்லை. ஜெயில் வீரன் என்று பெயரிட்டுக் கொண்டாடினார்கள். குழந்தை வந்த வேளை நல்ல வேளையா, கெட்ட வேளையா என்பது ஏற்றுக்கொள்கிறவர்களின் மனத்தைப் பொறுத்தது.

ஆகவே, நமது வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு கனத்த சரீரம் உள்ள பெண் சில நாளாக முகம் வாடி, யாரிடமும் பேசாமல் இருந்தால், அவளிடம் எடையைப் பற்றி ஒன்றும் சொல்லவேண்டாம். "நாளைக்குக் காலையில் நான் உன்னோடு டாக்டரிடம் வரட்டுமா?" என்று மட்டும் கேட்போம். தராசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது. நாள்தான் நமக்காகக் காத்திருப்பதில்லை.